பத்தாவது கண்ணி

சாக்கு வாயை அவுத்ததும் தொப்பிங்க தரையில கொட்டிச்சு. நூத்தம்பதுக்கு மேல இருக்கும். எல்லாம் நீலம். எல்லாம் வட்டம். எல்லாத்துலயும் சேறு. சிலதுல சேறு மட்டும் இல்ல.

கில்பர்ட் குவியல் பக்கத்துல போனாரு. அப்படியே உக்காந்துட்டாரு. இந்தக் குவியல்ல ஒண்ணு அவரு கையால பின்னுனதா இருந்தா, அவரு பையன் செத்துட்டான். இல்லன்னா உயிரோட இருக்கான். அவ்ளோதான் விஷயம்.

ஆனா தான் பின்னுனது எதுன்னு அவருக்கே தெரியல.

"எங்கேருந்து சார் இதெல்லாம்?"

ராஜா படை சார்ஜன்ட் ஹாஸ்கெட் பூட்ஸை வாசப்படியில தேய்ச்சுக்கிட்டே சொன்னாரு. "வடக்க, அந்தப் பொட்டல்லேருந்து. போன மாசம் சண்டை நடந்துச்சுல்ல."

"யாரோட தொப்பி? ராஜா ஆளுங்களோடதா, இளவரசர் ஆளுங்களோடதா?"

"ரெண்டும்தான்யா. ராஜா பக்கம் கறுப்பு ரிப்பன், கலகக்காரப் பசங்களுக்கு வெள்ளை ரிப்பன். எல்லாத்தையும் பிச்சாச்சு. இப்ப பிரிச்சுக் காட்டு, பாப்போம்." சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டாரு.

"ஓடும்போது தலைலேருந்து விழுந்ததாவும் இருக்கலாம்ல சார்?"

"ஓடுனவன் தொப்பி பின்னாடி நாங்க எதுக்கு ஓடறோம்? கிடந்தவன் தலைலேருந்து எடுத்தது மட்டும்தான் இது."



உத்தரவு இதுதான்: எல்லாத்தையும் கழுவணும், ஓட்டையைத் தைக்கணும், சாயம் போனதுக்கு மறுபடி நீலம் ஏத்தணும், எல்லாத்துலயும் கறுப்பு ரிப்பன் தைக்கணும். புதுசா சேர்ற ராஜா படைக்கு அனுப்பணும். பத்து நாள்ல.

"வேலையில ஒண்ணு கிழியும், தெரியும். ஒண்ணுன்னா கேக்க மாட்டேன்"னாரு சார்ஜன்ட். "ரெண்டு குறைஞ்சா, எவனோ ஒளிச்சுட்டான்னு அர்த்தம். வீட்டுக் கூரையைப் பிரிச்சுப் பாப்பேன்."

போயிட்டாரு.

இது நடந்தது ஆயிரத்து எழுநூத்து நாப்பத்தாறுல, சிம்மாசனம் எனக்குத்தான்னு ஒரு இளவரசர் ராஜா மேல படையெடுத்த காலத்துல. ஸ்காட்லாந்துல மேக்குப் பக்கம் கார்ஸ்பர்ன்னு ஒரு சின்ன ஊரு. ஊருக்கே ஒரே தொழில், கம்பளித் தொப்பி. அந்தத் தொப்பி எப்படி உருவாகுதுன்னு சொன்னாத்தான் கில்பர்ட்டோட தவிப்பு புரியும்.

ஊசி நாலஞ்சு வெச்சுக்கிட்டு, தடிநூலுல, தலையைப் போல ரெண்டு மடங்கு பெருசா லொடலொடன்னு கண்ணி கண்ணியா பின்னணும். அந்த நேரத்துல பாத்தா தொப்பி மாதிரியே இருக்காது, மீன் வலை மாதிரி இருக்கும். அப்புறம் சுடுதண்ணியும் புளிச்ச மூத்திரமும் ஊத்தி ஊறப்போடணும். ஓடைத்தண்ணில ஓடற ஆலையில கட்டைச் சம்மட்டி போட்டு இடி இடின்னு இடிக்கும். கம்பளி சுருங்கும். சுருங்கச் சுருங்க இழைங்க ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும். வெளிய எடுத்தா ஒரு கண்ணிகூட கண்ணுக்குத் தெரியாது! கெட்டித் துணியாயிருக்கும், மழை இறங்காது. அதை வட்டப் பலகையில மாட்டிக் காயவெச்சு, முள்ளுக்காய் வெச்சுத் தேய்ச்சு மெத்துமெத்துன்னு ஆக்கி, நம்ம அவுரி மாதிரி ஒரு நீலத்துல முக்கி எடுப்பாங்க.

உழவன் தலைக்கு தோசைக்கல் அகலத்துல, கிட்டத்தட்ட குடை. மலைக்காரங்களுக்குச் சின்னதா, ஒரு காதுப் பக்கம் சாய்ச்சு. உச்சில ஒரு குஞ்சம், பின்னாடி இழுத்துக் கட்ட நாடா. பண்ணையாரும் போட்டாரு, பண்ணையாளும் போட்டான். சண்டைன்னு வந்தப்போ ரெண்டு பக்கமும் இதையேதான் போட்டுக்கிட்டுப் போனாங்க.

கார்ஸ்பர்ன்ல ஒரு தொப்பிக்குக் கிடைக்கற பெரிய பாராட்டு, "யாரு பின்னுனதுன்னே தெரியல"ங்கறதுதான்.

கில்பர்ட்டுக்கு வயசு ஐம்பத்திரண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியாரா இருந்தவரு. பண்ணையார் மச்சானுக்கு ஒரு வேலை வேணும்னு இவரைத் தூக்கிட்டாங்க. பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க. ஒரே பையன் நினியன், பத்தொம்பது வயசு. வயித்துக்கு வழி பண்ணணுமேன்னு எல்ஸ்பெத்தோட பட்டறையில தொழில் கத்துக்கச் சேர்ந்தாரு.

எல்ஸ்பெத்துக்கு முப்பதுகூட ஆகல. அப்பன் விட்டுட்டுப் போன பட்டறை. கைவேலையில ஊர்ல அவளை அடிச்சுக்க ஆளில்ல. இவரு அவளை "மாஸ்டரம்மா"ம்பாரு. அவ இவரை "வாத்தியாரே"ம்பா. அதுல மரியாதை பாதி, கிண்டல் பாதி.

மொத தொப்பியை கில்பர்ட் இறுக்கமா, ஒரு கண்ணி பிசகாம, அச்சடிச்ச மாதிரி பின்னிக் கொண்டுவந்தாரு.

"இது என்ன வாத்தியாரே, தொப்பியா, கையெழுத்து நோட்டா?"

"அழகா இருக்குல்ல மாஸ்டரம்மா?"

"அழகா இருந்தா சுருங்காது. பிரிங்க."

பிரிச்சாரு. மறுபடி லொடலொடன்னு பின்னுனாரு. ஆலையில போட்டு, சாயம் ஏத்தி, பலகையிலேருந்து கழட்டுனப்போ எல்ஸ்பெத் அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தா.

"யாரு பின்னுனதுன்னே தெரியல."

கில்பர்ட்டுக்கு வானத்துல பறக்கற மாதிரி இருந்துச்சு. அப்ப எல்ஸ்பெத் கண்ணை மூடிக்கிட்டு விளிம்பைக் கட்டைவிரலால தடவுனா.

"கண்ணுக்குத் தெரியல. கைக்குத் தெரியுது."

"எப்படி?"

"பத்துக் கண்ணிக்கு ஒரு தரம் நின்னு நூலை இழுக்கறீங்க. வகுப்புல தலை எண்ற மாதிரி. பத்தாவது கண்ணி கெட்டியா உக்காந்திருக்கு."

கில்பர்ட் தடவிப் பாத்தாரு. ஒண்ணும் இல்ல. வெறும் கம்பளி.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரிஞ்சா நீங்க மாஸ்டர்."

கிண்டலுக்குச் சொல்லல. அந்த ஊர்த் தொப்பிக்காரங்க சங்கத்துல பரிட்சையே அதுதான். கண்ணைக் கட்டி, பத்து தொப்பியை முன்னாடி வெப்பாங்க. தான் பின்னுனதைத் தொட்டு எடுக்கணும். எடுத்தா மாஸ்டர். அதுவரைக்கும் அவன் பின்னுனது எதையும் விக்கக் கூடாது, ஆணியில தொங்கும். வீட்டாளுக்குன்னு ஒண்ணே ஒண்ணு மட்டும் எடுத்துக்கலாம்.

கில்பர்ட் அந்த ஒண்ணை நினியன் தலையில வெச்சாரு.

சண்டைக்கு முந்தின வருஷம் அறுப்பு முடிஞ்சதும் நினியன் அதுல வெள்ளை ரிப்பன் குத்திக்கிட்டு இளவரசர் படைக்குப் போயிட்டான். அடுத்த வாரமே எல்ஸ்பெத்தோட புருஷன் ஹ்யூ கறுப்பு ரிப்பன் குத்திக்கிட்டு ராஜா படைக்குப் போனான். மாஸ்டரும் சிஷ்யனும் ஒரே பட்டறையில, ஒரே மூத்திரப் பானையை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு, அதைப் பத்திப் பேசாம இருந்தாங்க. சண்டைக்கு அப்புறம் ரெண்டு பேர்கிட்டேருந்தும் ஒரு வரி வரல.

இப்ப சாக்கு வந்திருக்கு.

எல்ஸ்பெத் அதுவரைக்கும் செவுத்துல சாஞ்சு நின்னவ, வந்து குவியல் முன்னாடி குத்தவெச்சு உக்காந்தா. ரெண்டு கையையும் உள்ள விட்டா. கண்ணை மூடிக்கிட்டா. அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி ஒவ்வொண்ணா விரல் போச்சு. கில்பர்ட் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டு தடவை கை நின்னுச்சு. அப்புறம் நகந்துருச்சு.

"மாஸ்டரம்மா. உங்களுக்குத் தெரியும். என்னோடது இருக்கா?"

அவ எந்திரிச்சு ஏப்ரனைச் சுருட்டி இடுப்புல சொருகிக்கிட்டா.

"கழுவுங்க."

"இருக்கா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க."

"ஒவ்வொண்ணா கழுவுங்க. கை சொல்லும்."

"நீங்க?"

"நான் இதைத் தொட மாட்டேன்."

"இப்பத் தொட்டீங்களே."

"அதான் தொட மாட்டேங்கறேன்."

கலகக்காரன் ரத்தத்துல கை வெக்க மனசில்ல போலன்னு கில்பர்ட் நெனச்சுக்கிட்டாரு. சுருக்குன்னு இருந்துச்சு.

மறுநாள் காலைல வந்து பாத்தா, கழுவற தொட்டி ஈரமா இருந்துச்சு.

"யாரு தண்ணி மொண்டது?"

"நான்தான். கை கழுவுனேன்."

"தொட்டி நிறைய தண்ணியிலயா?"

"கை ரொம்ப அழுக்கு."

கில்பர்ட் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஆரம்பிச்சாரு. தொட மாட்டேன்னவ வாசப்படியில நின்னுக்கிட்டு வாயாலயே கழுவ ஆரம்பிச்சா.

"சுடுதண்ணி ஊத்தாதீங்க. ரத்தம் பிடிச்சுக்கும். பச்சைத்தண்ணி."

"சரி."

"முறுக்காதீங்க. அமுக்குங்க."

"சரி மாஸ்டரம்மா."

"குஞ்சத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க, பூனைக்குட்டியா அது?"

ஒவ்வொண்ணையும் பிழிஞ்சு தூக்கிக் காட்டுவாரு.

"இதா?"

"இல்ல."

"இது?"

"இல்ல."

ஒண்ணுக்குள்ள மடிச்சுவெச்ச ஜெபச் சீட்டு இருந்துச்சு. ஒண்ணுக்குள்ள ஓட்ஸ் மாவு. ஒண்ணுல பேன் இன்னும் உயிரோட இருந்துச்சு. ரெண்டாம் நாள் சாயங்காலம் கில்பர்ட் ஈரக் கையை உதறிட்டு நிமிந்தாரு. வாத்தியாரா இருந்தவராச்சே, பேச்சு வந்துருச்சு.

"வெள்ளை ரிப்பன் என்ன, கறுப்பு ரிப்பன் என்ன மாஸ்டரம்மா. எல்லாம் ஒரு தாய் பெத்த புள்ளைங்க. எல்லாம் ஒண்ணுதான்."

"எல்லாம் ஒண்ணுன்னா, எதுக்கு ஒவ்வொண்ணுக்கும் இதா இதான்னு கேக்கறீங்க?"

கில்பர்ட் அடுத்த தொப்பியை எடுத்துத் தண்ணில அமுக்குனாரு.

மூணாம் நாள் விரலுக்குள்ள ஏதோ நடந்துச்சு. ஊறி ஊறித் தோல் வெளுத்து, பச்சைக்குழந்தை விரல் மாதிரி ஆயிருச்சு. ஒரு தொப்பியைத் தடவிக்கிட்டே இருந்தவரு சட்டுன்னு நிமிந்தாரு.

"இது எங்கயும் நிக்கல. ஓடை மாதிரி ஓடிக்கிட்டே இருக்கு. மாஸ்டரம்மா, இது நீங்க பின்னுனது!"

"ஆமா."

"சரியா சொன்னேனா!"

"ஊர்ல பாதித் தலை என்னோடதுதான். பெருசா கண்டுபிடிச்சுட்டீங்க."

ஆனாலும் அன்னைக்கு அவருக்குக் கஞ்சியில ஒரு கரண்டி கூடுதலா விழுந்துச்சு.

நாலாம் நாள் கையில வந்ததும் எல்ஸ்பெத் பின்னுனதுதான். உள்பக்கம், நெத்தி படற எடத்துல, முன்னாடி எப்பவோ கிழிஞ்சதைப் பச்சை நூலால தெச்சிருந்தாங்க. எறும்பு வரிசை மாதிரி பொடிப்பொடித் தையல். அதுக்கு மேல ரத்தம் காஞ்சு தகடா இருந்துச்சு.

"யாரோ வீட்டுல உக்காந்து எவ்ளோ பொறுமையா தெச்சுக் கொடுத்திருக்கா பாருங்க"ன்னாரு கில்பர்ட். "பாவம். அந்தப் பொண்ணுக்குச் சேதி தெரியுமோ, தெரியாதோ."

தொப்பியைத் தூக்கிக் காட்டுனாரு.

"இதா மாஸ்டரம்மா?"

இந்தத் தடவை பதில் வர நேரமாச்சு.

"இல்ல."

"ரத்தம் உள்ள வரைக்கும் ஏறியிருக்கு. ஆலையில போட்டுரட்டுமா?"

"வேண்டாம். கையால கழுவுங்க."

அஞ்சு தடவை தண்ணி மாத்துனாரு. அந்தத் தையல் பிரிஞ்சுரக் கூடாதேன்னு, நகம் படாம, விரல் நுனியால கொஞ்சம் கொஞ்சமா கரைச்சு எடுத்தாரு. எல்ஸ்பெத் அசையாம நின்னுக்கிட்டே இருந்தா.

"என்ன மாஸ்டரம்மா, உங்களுக்கு வேற வேலை இல்லையா?"

"வேலைதான் பாக்கறேன்."

கொடியில போடும்போது கேட்டாரு. "ஹ்யூ தம்பிகிட்டேருந்து ஏதாவது சேதி?"

"வர்றது வரும்"னுட்டு உள்ள போயிட்டா.

ஆறாம் நாள் கில்பர்ட்டுக்குப் பொறுமை போயிருச்சு. ஆணியில தொங்கற தன் தொப்பிங்களைத் தினமும் தடவிப் பாக்கறாரு. எதுவும் பேச மாட்டேங்குது. மத்தவங்க கை எல்லாம் தெரியுது, தன் கை மட்டும் தெரியல. ஈரத் தொப்பியைத் தொட்டிக்குள்ள விசிறி அடிச்சாரு.

"அன்னைக்கு அந்த இறுக்கமான தொப்பியை நீங்க பிரிக்கச் சொல்லாம இருந்திருந்தா! கண்ணி கண்ணியா தெரிஞ்சிருக்கும். இன்னைக்கு ஒரு பார்வையில கண்டுபிடிச்சிருப்பேன். உங்க வித்தை என் கண்ணைக் குருடாக்கிருச்சு!"

"அந்தத் தொப்பில மழை இறங்கியிருக்கும்."

"இறங்கட்டுமே!"

"பையனுக்குச் சளி பிடிச்சிருக்கும்." அவ சிரிக்கல.

"உங்களுக்கென்ன? உங்க ஆளு ஜெயிச்ச பக்கம்."

எல்ஸ்பெத் தொட்டியைப் பாத்தா.

"தண்ணி மாத்துங்க வாத்தியாரே. கலங்கிருச்சு."

எட்டாம் நாள் மத்தியானம் சாக்குல கடைசித் தொப்பி வரைக்கும் கழுவி முடிஞ்சுது. கில்பர்ட் கை துடைக்கப் போனவரு, போற போக்குல ஆணியில தொங்கற தன் தொப்பி விளிம்பைத் தொட்டாரு. விரல் ஒரு எடத்துல தடுக்குச்சு. கொஞ்சம் தள்ளி மறுபடி. கொஞ்சம் தள்ளி மறுபடி.

பத்து. கெட்டி. பத்து. கெட்டி.

"மாஸ்டரம்மா!" பட்டறையே அதிர்ற மாதிரி கத்துனாரு. "தலை எண்றேன்! நான் தலை எண்றது தெரியுது!"

எல்ஸ்பெத் வந்தா. அவரு கண்ணைத் துணியால கட்டுனா. பத்து தொப்பியை மேஜையில போட்டா. கில்பர்ட் ஏழாவதுல கை வெச்சு நிறுத்துனாரு.

"இது நான்."

"இன்னைலேருந்து நீங்க மாஸ்டர். சங்கத்துல சொல்லிர்றேன்." அவ குரல்ல சந்தோஷம் இல்ல.

அவரு அதைக் காதுலயே வாங்கல. கட்டை அவுத்து வீசிட்டு முற்றத்துக்கு ஓடுனாரு. அங்க கொடி கொடியா தொப்பிங்க காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மொதல்லேருந்து ஆரம்பிச்சாரு. ஒவ்வொரு விளிம்பா கட்டைவிரல் போச்சு. இது எல்ஸ்பெத். இது மூலை வீட்டுக்காரன், இழுத்து இழுத்துப் பின்றவன். இது யாரோ கிழவி, கை நடுங்கியிருக்கு. இது எல்ஸ்பெத். ஒண்ணு விடல. கடைசிக் கொடி, கடைசித் தொப்பி.

இல்ல. எதுலயும் அவரு இல்ல.

"இல்ல மாஸ்டரம்மா! இல்லவே இல்ல! என் பையன் கிடக்கல, ஓடிட்டான்! அவன் ஓடுவான், எனக்குத் தெரியும்! பள்ளிக்கூடத்துல என் பிரம்பு தூக்கறதுக்கு முன்னாடியே தெருமுனைக்குப் போயிருப்பான்!"

அழுதாரு, சிரிச்சாரு, சேத்துல நின்னுக்கிட்டு ரெண்டு காலையும் மாத்தி மாத்திக் குதிச்சாரு. எல்ஸ்பெத்தோட ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாரு. அந்தக் கை ஜில்லுன்னு இருந்துச்சு.

"என்ன, ஒரு கலகக்காரன் பொழச்சது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"உக்காருங்க. ரிப்பன் தைக்கணும்."

மிச்சம் ரெண்டு நாளும் தெச்சாங்க. கறுப்பு ரிப்பன், எல்லாத்துக்கும். கில்பர்ட் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே தெச்சாரு.

பத்தாம் நாள் சார்ஜன்ட் வண்டியோட வந்தாரு. கில்பர்ட் சாக்குல அடுக்குனாரு. பச்சைத் தையல் போட்டது கையில வந்தப்போ எல்ஸ்பெத் சொன்னா. "அதை மேலாக்க வைங்க. நசுங்காம."

சார்ஜன்ட் எண்ணுனாரு. ரெண்டாவது தடவையும் எண்ணுனாரு.

"ஒண்ணு குறையுது."

"கிழிஞ்சுருச்சு"ன்னா எல்ஸ்பெத்.

கில்பர்ட் திரும்பி அவளைப் பாத்தாரு. எதுவும் கிழியலையே. ஆனாலும் குனிஞ்சு சாக்கு வாயைக் கட்டுனாரு.

"ஒண்ணுதானே? சரி"ன்னுட்டு சார்ஜன்ட் வண்டியில ஏறுனாரு. வண்டி கிளம்புச்சு. எல்ஸ்பெத் கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

கில்பர்ட் பட்டறையைக் கூட்டலாம்னு உள்ள போனாரு. சாயத் தொட்டிக்குப் பின்னாடி, மேல் பலகையில, ஒரு தொப்பி. கழுவி, காயவெச்சு, முள்ளுக்காயால தேய்ச்சு, புதுசு மாதிரி இருந்துச்சு. ரிப்பன் இல்ல.

"அய்யய்யோ, ஒண்ணு விட்டுப்போச்சே!"

கிழிஞ்சுருச்சுன்னு சொன்னது முழுசா இங்க கிடைச்சா என்ன ஆகும்? சார்ஜன்ட் கூரையைப் பிரிக்கறது கண்ணு முன்னாடி வந்துச்சு. எட்டி எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டித் தெருவுல ஓடுனாரு.

"சார்! சார்ஜன்ட் சார்! நில்லுங்க!"

"வாத்தியாரே, போகாதீங்க"ன்னா எல்ஸ்பெத்.

அவரு நிக்கல. கையில இருந்த தொப்பியை விளிம்போட சேத்துப் பிடிச்சுக்கிட்டு ஓடுனாரு. கட்டைவிரல் அதுபாட்டுக்கு நகந்துச்சு.

பத்து. கெட்டி.

பத்து. கெட்டி.

பத்து.

கால் நின்னுருச்சு.

வண்டி தெருமுனைக்குப் போய்க்கிட்டு இருந்துச்சு. யாரும் திரும்பிப் பாக்கல. நடுத்தெருவுல ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் திரும்பி நடந்து வந்தாரு. வயசு இன்னும் பத்து கூடுன மாதிரி நடை.

"இதை யாரு கழுவுனது?"

"நான்."

"எப்போ?"

"சாக்கு வந்த மறுநாள். நீங்க வர்றதுக்கு முன்னாடி."

"அப்ப பத்து நாளா தெரியும்."

"தெரியும்."

"நான் முற்றத்துல குதிச்சப்பவும்."

"ம்."

அவரு தொப்பியை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டாரு. நல்லாத்தான் கழுவியிருந்தா. ஒரு பொட்டு கறை இல்ல.

"மொத நாளே சொல்லியிருக்கலாமே மாஸ்டரம்மா. ஒரு வார்த்தை."

எல்ஸ்பெத் கேட்டை விடல. வண்டி முனை திரும்பி மறைஞ்சிருச்சு. இன்னும் அங்கயேதான் பாத்துக்கிட்டு இருந்தா.

"சொல்லியிருந்தா, ஹ்யூவோடதை யாரு கழுவியிருப்பா?"